சுங்கச்சாவடிப் படத்தின் மறுபாதி

1

"கூண்டுக் கதவைத் திறந்துட்டு வெளிய வரான் அக்கா. அதுவரைக்கும் உக்காந்தே இருந்தவன் இப்பத்தான் எழுந்து நிக்கறான். ரெண்டு எட்டு வைக்கறான். அப்பத்தான் நமக்குத் தெரியுது, அவன் நொண்டுறான். தியேட்டரே கப்சிப். டக்குனு லைட்டைப் போட்டுட்டான். இன்டர்வெல்."

தம்பி இதைச் சொல்லிவிட்டு, தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தான். படத்தின் மீதியைச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்வதுதான் அந்த வீட்டு வழக்கம். அன்று சாப்பிட்டு முடித்ததும் கொட்டாவி விட்டான். பேக்கரியில் ஒருவர் விடுப்பு; மறுநாள் இவன் வழக்கத்துக்கும் முன்னதாகப் போயாக வேண்டும்.

"மீதி நாளைக்குக்கா."

"ஏன்டா, அவனை நடுப்பாலத்துல நொண்ட விட்டுட்டு நீ தூங்கப் போறியா?"

"நொண்டட்டும். ஒரு ராத்திரி நொண்டினா ஒண்ணும் ஆகாது."

படம் இதுதான். ஆற்றுப் பாலத்தில் ஒரு சுங்கச்சாவடி. கூண்டுக்குள் ஒருவன் கட்டணம் வாங்கிக்கொண்டு கம்பியைத் தூக்கிவிடுகிறான். தினமும் ஒரு பெண் காரில் வருகிறாள். சில்லறையை நீட்டும்போது ஏதாவது ஒரு கேள்வி கேட்பாள். "அந்தப் பக்கம் மழையா?" "இன்னிக்கு லாரி ஜாஸ்தியோ?" அவன் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிப்பான். ஒரு நாள் அவள் கார் இல்லாமல் நடந்து வருகிறாள். எதையும் கேட்கவில்லை. கம்பிக்கு அடியில் குனிந்து பாலத்தின் மேல் போய்க்கொண்டே இருக்கிறாள். அவன் கூண்டை விட்டு வெளியே வருகிறான்.

மறுநாள் முற்பகலில் பேக்கரி முதலாளி போன் செய்தார். இதயம் என்றார்கள். தட்டை அடுப்புக்குள் தள்ளி, கதவைச் சாத்திய பிறகு. சாத்திவிட்டுத்தான் விழுந்தான் என்று அங்கே வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து சொன்னார்கள்.

இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். துக்கத்தில் பிறந்தது என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். ஆனால் முதலில் வந்தது எரிச்சல்: மீதிப் படத்தைச் சொல்லாமல் போய்விட்டானே. துக்கம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. [இந்த வரி கல்நெஞ்சுக்காரி எழுதியது போல் இருக்கிறது. அடிப்பதா என்று பிறகு பார்க்கலாம்.]

2

முதல் வரைவில் "நான்" என்றுதான் இருந்தது. "நான் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பவள். என் தம்பி ஒரு" என்பதோடு நின்றுவிட்டது. ஒரு என்ன? ரொட்டி சுடுபவனா, சினிமாப் பைத்தியமா? இரண்டும் சரி, இரண்டும் போதாது. காலமெல்லாம் அடுத்தவர் எழுத்தில் பிழை தேடியவளுக்கு, தன் கையால் எழுதிய "நான்" என்ற சொல்லின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாவது வரைவில் "அவள்" வந்தாள். வந்ததும் ஜன்னலோரம் போய் நின்று பெருமூச்சு விட ஆரம்பித்துவிட்டாள். இந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்தான் தெரியும். அதைப் பார்த்து எவளும் பெருமூச்சு விட மாட்டாள். மூன்றாவது தடவை "அக்கா" என்று போட்டதும் கை நகர்ந்தது. ஆக, இதை எழுதுகிறவளும் இதில் வருகிற அக்காவும் ஒரே ஆள்தான். அதைப் பூடகமாக வைத்து உங்களை அலைய வைப்பானேன்.

அக்காவுக்கு உள்காதில் ஒரு கோளாறு. பெரிய சத்தம் கேட்டால் தரை ஒரு பக்கமாகச் சாயும். இளம் வயதில் ஒரே ஒரு தடவை தம்பியோடு தியேட்டருக்குப் போனாள். இடைவேளை முடிந்து ஒரு சண்டைக் காட்சி வந்தது. நாற்காலி, திரை, கதாநாயகன் எல்லாம் சேர்ந்து சுழன்றதில் நடைபாதையில் விழுந்துவிட்டாள். தம்பி கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தான். "உன்னால ஒரு கிளைமாக்ஸ் போச்சு" என்று வீடு வரை பொருமினான். மறுவாரம் தனியாகப் போய் அதே படத்தைப் பார்த்துவிட்டு வந்து, அவளை உட்கார வைத்து, முதலிலிருந்து கடைசி வரை சொன்னான். அன்று தொற்றிக்கொண்டது. அதற்கப்புறம் அக்கா தியேட்டர் வாசலை மிதித்ததில்லை. தம்பி ஒரு வாரமும் தவறியதில்லை.

(இரண்டு பேரும் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். அது வேறு கதை. அதில் சினிமா கிடையாது. அதனால் அவ்வளவு சுவாரஸ்யமும் கிடையாது.)

3

வார விடுமுறை நாளில் மதியக் காட்சி. என்ன படம் என்பதெல்லாம் அப்புறம். பேய்ப் படம், காதல் படம், வருகிறவன் போகிறவனையெல்லாம் சுட்டுத் தள்ளுகிற படம், யாரும் பேசாமல் நடந்துகொண்டே இருக்கிற படம், மொழியே புரியாத படம், எதுவும் விலக்கில்லை. பஸ் ஸ்டாப்பில் போஸ்டரைப் பார்த்துக்கொண்டே நின்று பஸ்ஸை விட்டிருக்கிறான். துணைக்குப் போகிறவர் ஒரே ஒருவர். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நேரில் அவரை "மாப்ளே" என்பான். வீட்டில் பேச்சு வந்தால் "லிஃப்ட்". "அழுகைப் படம்னா லிஃப்ட்டுக்கு உசுருக்கா. மேல போனா கீழ இறங்கவே மாட்டான்." கேட்டுக் கேட்டு அக்காவுக்கும் அவர் லிஃப்ட் ஆகிவிட்டார்.

தம்பி விமர்சகன் இல்லை. நட்சத்திரம் கொடுக்க மாட்டான். அவன் அபிப்பிராயங்கள் பேக்கரியிலிருந்து வந்தவை. வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே ஒன்றும் இல்லாத படத்துக்கு "உள்ள வேகலக்கா." நீளமான படத்துக்கு "ஓவன்ல வெச்சு மறந்துட்டாங்க." [இங்கே மூன்றாவதாக, ஒரு படத்தின் முடிவைப் பற்றி அவன் சொன்னதை எழுத வேண்டும். ஞாபகம் வரவில்லை. முடிவைப் பற்றி அவன் என்ன சொல்வான்?]

திரையில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதில்தான் அவன் கண் இருக்கும்.

"சினிமாவுல ஒருத்தனாவது டீயை முழுசாக் குடிச்சுப் பாத்திருக்கியா? ஒரு வாய் வெச்சதும் போன் வந்துடும். அந்தப் போனையாவது ஒழுங்கா வைக்கறானா? 'சரி வெச்சிடறேன்'னு ஒரு வார்த்தை சொல்றதில்ல. சட்டுனு வெச்சிடறான். அந்தப் பக்கம் இருக்கறவன் என்ன நினைப்பான்?"

"நீ ஏன்டா அவனுக்காகக் கவலைப்படறே?"

"பின்ன வேற யாரு படுவா? டைரக்டர் பட மாட்டேங்கறாரே."

ரொட்டி சுடுகிறவன் வேடத்தில் யாராவது நடித்துவிட்டால் தொலைந்தது. "கையில மாவு, மூஞ்சில மாவு, தலைமுடியில கூட மாவு. வேர்வை மட்டும் ஒரு சொட்டு இல்ல. நம்ம கடையில ஒரு நாள் நிக்கச் சொல்லு அவனை."

முதல் பாதியைச் சொல்லும்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்வான். கை ஓடும், குரல் மாறும், பெண்களுக்குக் கீச்சுக் குரல் கொடுப்பான், சோப்பு நுரை அக்காவின் தாள்களில் தெறிக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு ஆளே வேறு. நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொல்வான். பார்த்ததை ஞாபகப்படுத்திக்கொள்கிறான் என்று அக்கா நினைத்தாள்.

அவன் சொன்ன படம் பின்னால் டிவியில் வந்தால் ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்வான். "சொல்லியாச்சுல்ல? திரும்பத் திரும்ப என்னத்தைப் பாக்கறது?" பகலெல்லாம் பொடி எழுத்தைப் பார்த்துக் கண் எரிந்துகொண்டிருப்பவளுக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

4

வந்தவர்களெல்லாம் வந்து போய் ஓய்ந்த பிறகுதான் லிஃப்ட் வந்தார். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வாசலில் நின்றவர், "இந்தக் கட்டடத்துக்கு ஒரு லிஃப்ட் போடச் சொல்லுங்கக்கா, நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, துக்க வீட்டில் சொல்கிற பேச்சா என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா சிரித்துவிட்டாள். அதனால் உள்ளே வந்தார்.

டீ போட்டுக் கொடுத்தாள். அவனைப் பற்றிப் பேச வேண்டுமானால் சினிமாவைப் பற்றித்தான் பேச வேண்டும்.

"அந்தக் கப்பல் சமையல்காரன் படம் இருக்கே, அவன் சொல்லி முடிச்சப்ப நான் அழுதே போயிட்டேன்," என்றாள் அக்கா.

"ஆமாக்கா. கப்பல் மூழ்கறப்ப நானும் அப்படித்தான், தேம்பித் தேம்பி..."

"எந்தக் கப்பல்?"

"அந்தக் கப்பல்தான்."

"அது எங்க மூழ்குது? வெங்காயம் தீந்துபோச்சுன்னு அவன் ஒரு சின்னத் துறைமுகத்துல இறங்கறான். கப்பல் அவனை விட்டுட்டுப் போயிடுது. மூட்டையோட கரையில நிக்கறான். அங்க ஒரு டீக்கடைக்காரி..."

லிஃப்ட் டம்ளரைக் கீழே வைத்தார். "மூழ்கிடும்க்கா. அதுக்குத்தானே அவ்வளவு செலவு பண்ணி எடுத்திருக்காங்க."

லிஃப்ட்டின் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாகக் கீழே இறங்கியது.

"அவன் உங்ககிட்ட சொன்னதே இல்லியா?"

"என்னத்தை?"

"தூங்கிடுவான்க்கா."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"விடியறதுக்கு முன்னாடியே எழுந்து நெருப்பு முன்னாடி நிக்கறவன் இல்லியா? முதல் பாதி கண்ணைக் கொட்ட மாட்டான். இன்டர்வெல்ல ஒரு டீ. திரும்ப உள்ள வந்து லைட்டு அணைஞ்சா அவனும் அணைஞ்சிடுவான். குறட்டை வேற. நான்தான் முழங்கையால இடிச்சுக்கிட்டே இருப்பேன்."

"எல்லாப் படத்துக்குமா?"

லிஃப்ட் தயங்கினார். "நான் கூட இருந்த வரைக்கும், ஒண்ணு விடாம."

"அப்ப மீதிக் கதையை நீங்க சொல்லுவீங்களா?"

"சொல்ல வருவேன். காதைப் பொத்திக்குவான். 'சொல்லித் தொலைக்காத மாப்ளே, கெட்டுப்போயிடும். அக்காவுக்குச் சொல்லணும்'பான். அப்புறம் பஸ் ஸ்டாப் வரைக்கும் பேச்சே கிடையாது. வாய்க்குள்ள என்னமோ முணுமுணுத்துக்கிட்டே வருவான்."

"அந்தச் சாவடிப் படம்?"

"அன்னிக்கும் தூக்கம்தான். ஆனா பஸ்ஸுக்கு நிக்கறப்ப திடீர்னு சிரிச்சான். என்னடான்னேன். 'ஒண்ணுமில்ல, கிடைச்சிடுச்சு'ன்னான். என்ன கிடைச்சதுன்னு நானும் கேக்கல."

5

லிஃப்ட் போன பிறகு அக்காவால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறையில் உட்கார்ந்தாள், கூடத்துக்கு வந்தாள், கட்டிலில் காலைத் தொங்கப்போட்டாள். மெய்ப்புத் தாளில் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அதில் ஆட்டுமந்தைகளைப் பற்றி ஏதோ இருந்தது. முதலில் கோபம் வந்தது. ஏமாற்றிவிட்டானே, அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. பிறகு அவன் சொன்ன மறுபாதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பேய் கடைசியில் வீட்டுக்கு வந்து அடுக்களை வாசலில் நிற்கிறது. துப்பறிகிறவன் கொலைகாரனைப் பிடித்துவிட்டு, பசிக்கிறது என்கிறான். விவாகரத்து வாங்கப் போன தம்பதி நீதிமன்ற உணவகத்தில் ஒரே தட்டுக்குக் கை நீட்டுகிறார்கள். எல்லாப் படத்திலும் யாரோ ஒருவர் திரும்பி வருகிறார், யாரோ ஒருவர் சாப்பிடுகிறார். உலகத்து இயக்குநர்கள் எல்லோருக்கும் இதில் ஒரே மனசு என்று அக்கா ரொம்ப காலமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு பேராசிரியர் சினிமாக் கட்டுரைகள் எழுதி, அதன் மெய்ப்பு அக்காவிடம் வந்திருந்தது. ஒரு படத்தைப் பற்றி அவர் இப்படி எழுதியிருந்தார்: "இறுதியில் கடிகாரம் பழுதுபார்ப்பவன் எவரிடமும் விடைபெறாமல் ரயிலேறிவிடுகிறான். நவீன மனிதனின் வேரின்மைக்கு இதனினும் சிறந்த படிமம் இல்லை." அக்காவுக்கு அந்தப் படம் தலைகீழாகத் தெரியும். அவன் ரயிலேறுவதில்லை. குடையை மறந்துவிட்டுத் திரும்பி வருகிறான். வீட்டுக்காரி "வந்ததுதான் வந்தே, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போ" என்கிறாள். ஓரத்தில் பென்சிலால் குறித்தாள்: "முடிவு சரியா? குடைக்காகத் திரும்புகிறானே?" பேராசிரியரே போன் செய்தார். "படம் பாத்து ரொம்ப காலம் ஆச்சும்மா. நீங்க கேட்டதும் எனக்கே அந்தக் குடை ஞாபகம் வருது. மாத்திடுங்க."

வேரின்மை போய் "மீள்வருகையின் படிமம்" வந்தது. புத்தகம் கல்லூரியில் பாடமாக இருப்பதாகக் கேள்வி.*

(* லிஃப்ட் வந்துபோன மறுநாளே அக்கா பதிப்பகத்துக்குப் போன் செய்தாள். "அந்தப் புத்தகத்துல ஒரு பிழை இருக்கு." "எழுத்துப் பிழையாம்மா?" "இல்ல, முடிவே பிழை. அப்படி ஒரு முடிவு படத்துல இல்ல." "அப்ப அது கருத்தும்மா. நாம அதுல தலையிட முடியாது.")

6

கிடைச்சிடுச்சு என்றான். அப்படியானால் அது இருந்தது. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை, சாப்பாடு முடியும் வரை, அவன் தலைக்குள் முழுசாக இருந்தது. கொட்டாவி வராமல் இருந்திருந்தால் இந்த மேஜைக்கு வந்திருக்கும். இத்தனை காலம் அவன் செய்ததை ஒரு தடவை நாம் செய்து பார்த்தால் என்ன என்றுதான் அக்கா எழுத உட்கார்ந்தாள். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்த முயற்சியின் மிச்சம்.

வரைவு அ. சாவடிக்காரன் நொண்டிக்கொண்டே பாலத்தைக் கடக்கிறான். எதிர்க் கரையிலும் ஒரு கூண்டு. அதற்குள் அச்சு அசலாக இவனைப் போலவே ஒருவன் உட்கார்ந்து, இவனிடம் கட்டணம் கேட்டுக் கையை நீட்டி [வேண்டாம். புத்திசாலித்தனம். உள்ளே வேகவில்லை.]

வரைவு ஆ. அவள் திரும்பிப் பார்க்கிறாள். "என்னைத் தெரியலியா? நான்தான் உன்" [இதை எழுதியது அழுகிற கை. தம்பி கதை சொல்லும்போது அழ மாட்டான். அது லிஃப்ட்டின் வேலை.]

வரைவு இ. கூண்டு காலி. கம்பி இறங்கியபடியே கிடக்கிறது. பாலத்தின் வாயில் வண்டிகள் சேர்கின்றன. ஹாரன், வசவு. ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து கூண்டுக்குள் எட்டிப் பார்க்கிறார். "ஆளக் காணோம்பா." "கம்பியத் தூக்குங்க, போவோம்." "தூக்கினா நம்ம தலையில விழும்." நேரம் ஆகிறது. ரொட்டி ஏற்றிவந்த ஒரு வேன்காரன் பின்கதவைத் திறந்து

இது அவன் கை போல இருந்தது. ஆனால் அங்கே நின்றுவிட்டது. அத்தனை பேரும் ரோட்டில் நின்று எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று அவனுக்குத்தான் தெரியும். ஒவ்வொருவனும் எப்படி மெல்லுகிறான், யார் ஓரத்தைப் பிய்த்து எறிகிறான், யார் பக்கத்தில் இருப்பவனுக்குப் பாதி கொடுக்கிறான் என்றெல்லாம் முகத்தாலேயே செய்து காட்டுவான். அவள் எழுதியதில் "சாப்பிட்டார்கள்" என்ற ஒரே சொல்தான் இருந்தது. அந்தச் சொல்லில் பிழை ஏதும் இல்லை. அதில் உயிரும் இல்லை. தவிர, இதில் அவன் சிரிக்கும்படி என்ன இருக்கிறது? நொண்டிக்கொண்டு போனவன் எங்கே?

7

லிஃப்ட் போன் செய்தார். "அக்கா, அந்தப் படத்தை வியாழக்கிழமையோட தூக்கறாங்க. மதியக் காட்சிதான் கடைசி. பாக்கணும்னா வாங்க. மெஷின் ரூம்ல நான் மாட்டிக்கற காது மூடி இருக்கு. அதை மாட்டினா பக்கத்துல இடி விழுந்தாக் கூடத் தெரியாது."

வெளியூரில் இருக்கும் சின்னவள், இவர்கள் இருவருக்கும் இளையவள், போனில் வேறு யோசனை சொன்னாள். "எதுக்கு அலையறே? ரெண்டு மாசத்துல போன்லயே வந்துடும். சத்தத்தைக் குறைச்சு வெச்சுப் பாரு. இல்லாட்டி யாராவது கதையை எழுதிப் போட்டிருப்பாங்க, நான் படிச்சுச் சொல்லவா?"

"சொல்லாத!"

"ஏய், ஏன் கத்தறே?"

ஏன் கத்தினாள் என்பதைச் சின்னவளுக்கு விளக்க முடியவில்லை. உங்களுக்கு முடிகிறதா பார்க்கலாம். தலைக்குள் ஓர் இடம் காலியாக இருக்கிறது. தம்பியின் மறுபாதி வந்து உட்கார வேண்டிய இடம். படத்தின் நிஜமான மறுபாதியைப் பார்த்துவிட்டால் அது அங்கே உட்கார்ந்துவிடும். அப்புறம் யார் சொன்னாலும் எழுந்திருக்காது. பார்க்காமல் விட்டாலோ, வியாழக்கிழமைக்குப் பிறகு அவன் கடைசியாகப் பார்த்ததைப் பெரிய திரையில், அவன் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து, பார்க்கவே முடியாது.

வியாழக்கிழமை அக்கா போனாள்.

மஞ்சள் நிறக் காது மூடி, தலைக்கு மேல் பட்டை. தியேட்டரில் பாதிக்கு மேல் காலி. முன் வரிசையில் இருந்த ஒரு சிறுமி திரும்பிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஏதோ சொன்னாள். விளக்கு அணைந்தது. தரை சாயவில்லை. பாலம் வந்தது, ஆறு வந்தது, கூண்டு வந்தது. சத்தம் என்று ஒன்றுமே இல்லை. கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. அந்த அழகான நடிகை சில்லறையை நீட்டி வாயைத் திறந்தாள்.

"அந்தப் பக்கம் மழையா?"

தம்பியின் கீச்சுக் குரலில் கேட்டாள்.

அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. லிஃப்ட் திரும்பிப் பார்த்தார். திரையில் எல்லோரும் அவன் குரலில் பேசினார்கள். சாவடிக்காரனுக்குக் கட்டைக் குரல், ஹாரன் அடிக்கிறவனுக்கு மூக்கால், மேலதிகாரிக்கு பேக்கரி முதலாளியின் இழுவை. ஒரு வசனம் விட்டுப்போகவில்லை. நடுவே ஒருவன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தபோது, "பாத்தியா, வெச்சுட்டான்" என்றுகூடக் கேட்டது. கார் இல்லாமல் அவள் நடந்து வந்தாள். குனிந்து போனாள். அவன் கூண்டைத் திறந்து வெளியே வந்து, இரண்டு எட்டு வைத்தான்.

விளக்கைப் போட்டார்கள்.

வெளிக்கூடத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. லிஃப்ட் இரண்டு டீ வாங்கி வந்தார். அக்கா காது மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. ஆட்கள் உள்ளே போனார்கள்.

"போலாமாக்கா?"

"நான் வரல."

"உடம்பு ஏதாவது பண்ணுதா?"

"அதெல்லாம் இல்ல. இனிமே அவங்களுக்கெல்லாம் யாரு குரல் குடுப்பா?"

லிஃப்ட் கதவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"அந்த வெங்காயத்தைச் சொல்லுங்க."

"எந்த வெங்காயம்?"

"கப்பல்காரன் வாங்கப் போனானே. நான்தான் கப்பலோட மூழ்கிட்டேன். கரையில அவன் என்ன பண்ணான்னு எனக்குத் தெரியாதுல்ல? ஒரு படத்தோட மீதியையும் எனக்கு அவன் சொன்னதில்லக்கா. உங்களுக்குத்தான் சொன்னான்."

இதை அக்கா அதுவரை யோசிக்கவில்லை. அத்தனை வருஷத்து மறுபாதிகளும் வேறு யாரிடமும் இல்லை. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவரிடம்கூட இல்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். மூட்டையோடு அவன் கரையில் நிற்கிறான். டீக்கடைக்காரி கேட்கிறாள், "கப்பலை விட்டுட்டியா, கப்பல் உன்னை விட்டுடுச்சா?"

தியேட்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் பொறுமை இழந்தாள். "உள்ள வர்றீங்களா இல்லியா? கதவைச் சாத்தணும்."

"சாத்திக்கம்மா," என்றார் லிஃப்ட். "எங்களுக்கு இங்க ஓடிட்டிருக்கு."

அவள் சாத்திவிட்டு வந்து சுவரோரம் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவ்வளவு வெங்காயத்தை யாரு உரிக்கறா?" என்று கேட்டாள்.

"அதைத்தான் சொல்ல வரேன்," என்றாள் அக்கா.

8

சாவடிக்காரனுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கத்தான் செய்வீர்கள். அக்காவுக்குத் தெரியாது. லிஃப்ட்டுக்குத் தெரியும், அவர் சொல்லவில்லை, அக்கா சொல்ல விடவும் இல்லை. மூன்று வரைவுகளையும் மேலே அப்படியே விட்டிருக்கிறாள். வரைவு இ-யை யாராவது எடுத்துக்கொண்டு போகலாம். ரொட்டி வேனின் பின்கதவு திறந்தபடிதான் நிற்கிறது. நொண்டுகிறவன் பாலத்தின் மேல்தான் இருக்கிறான். அந்தப் பெண் அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள். முடிவில் ஒருவர் சிரிக்க வேண்டும், பஸ்ஸுக்கு நிற்கும்போது தன்னையறியாமல் சிரிக்கிற மாதிரி. அவ்வளவுதான் நிபந்தனை. படத்தை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருந்தால், அதை விட்டுவிட்டு வேறு ஒன்று சொல்லுங்கள்.

[அச்சகத்தாருக்கு: கீழே உள்ள இடைவெளி பிழையல்ல. அப்படியே விடவும்.]

.

.

.

வெள்ளிக்கிழமை படத்தை மாற்றிவிட்டார்கள். போஸ்டரைப் பார்த்தால் பேய்ப் படம் போலிருக்கிறது. மதியக் காட்சி இரண்டரை மணிக்கு. இடைவேளை வரைக்கும் பார்த்தால் போதும்.